ருசி பார்த்த கையெழுத்து

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் தொங்கும். தேதி, நேரம், என்ன சமையல், கடைசிக் கட்டத்தில் 'ருசி பார்த்தேன்' என்று அச்சடித்து ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் தினம் இரண்டு வேளை கையெழுத்துப் போடுகிறவளுக்கு, இருபத்திரண்டு நாளாக ருசி என்றால் என்னவென்றே தெரியவில்லை. உப்பும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். இந்த லட்சணத்தில் முப்பத்தோரு முதியவர்களுக்கு அவள்தான் சமையல்காரி.

காய்ச்சல் மூன்றே நாள்தான். வந்த காய்ச்சல் வந்த வழியே போயிருக்கக் கூடாதா? போகிற போக்கில் அவள் நாக்கையும் மூக்கையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டர், "திரும்பி வந்துடும்" என்றார். எப்போது என்று கேட்டதற்கு, "சிலருக்கு ஒரு மாசம், சிலருக்கு ஒரு வருஷம். சிலருக்கு..." என்று இழுத்தார். அந்த மூன்றாவது 'சிலருக்கு' என்ன ஆகும் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

வெளியே சொல்லவும் தைரியம் இல்லை. பதினோரு வருஷமாக அந்த முதியோர் இல்லத்து அடுப்புதான் அவளுக்குச் சோறு போடுகிறது. வேறு தொழில் தெரியாது. நாற்பத்தெட்டு வயதில் புதிதாக எதைக் கற்றுக்கொண்டு எங்கே போய் நிற்பது? ருசி தெரியாத சமையல்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆகவே மூச்சு விடவில்லை. விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவளுடைய அண்ணி. அண்ணியும் அதே சமையலறையில்தான் காய் நறுக்கிப் பாத்திரம் கழுவுகிறாள். நாத்தனார் தலை உருண்டால் தன் தலையும் சேர்ந்து உருளும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் இருபத்திரண்டு நாளாக இவள் கை கிளற, அவள் நாக்கு ருசி பார்த்தது. அண்ணி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டுப் புருவத்தைத் தூக்கினால் உப்புப் போதாது. தொண்டையைச் செருமினால் கூடிப்போச்சு. ஒன்றும் செய்யாமல் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தால் எல்லாம் சரி. ஒரு நாத்தனாரும் அண்ணியும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததாக நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

அன்றைக்கு என்று பார்த்து அண்ணிக்குப் பல்வலி. கன்னம் ஒரு பக்கம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

"பிடுங்கிட்டு ஓடி வந்துடறேன்" என்றாள் அண்ணி. "பத்தரைக்கு இங்க இருப்பேன். அதுவரைக்கும் எதையும் இறக்கிடாதே."

"ரொட்டியும் முட்டையும் குடுத்து ஒப்பேத்திடவா அண்ணி?"

"மேட்ரன் விடுவாங்களா? குளிர் வந்துடுச்சு, தோட்டத்துல எல்லாம் விளைஞ்சு கிடக்கு, நாளைக்குக் கெட்டியா காய்கறி சூப் வைங்கன்னு நேத்தே சொல்லிட்டாங்களே."

அந்த மேட்ரன்தான் இல்லத்தை நடத்துகிறவர். முன்பு நர்ஸாக இருந்தவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். சாப்பாடு முடிந்ததும் யார் கிண்ணத்தில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு சுற்றுப் பார்ப்பார். மிச்சம் இருந்தால் சமையல்காரியைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்பார். நல்ல மனுஷிதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நல்ல மனிதர்களிடம்தான் பொய் சொல்லிவிட்டு நிற்க முடியாது.

எட்டு மணிக்குத் தோட்டக்காரர் தள்ளுவண்டியோடு பின்வாசலில் வந்து நின்றார். மண்ணோடு பிடுங்கிய கேரட், கையைச் சிவப்பாக்கும் பீட்ரூட், டர்னிப், ஒரு கோணி உருளைக்கிழங்கு, மேல் இலை பனியில் நனைந்த நான்கு முட்டைக்கோஸ். அதற்கெல்லாம் மேலே, பிள்ளையைத் தூக்கி வைத்த மாதிரி, ஐந்து மஞ்சள் பூசணி.

"எல்லாம் நம்ம சொந்த விதை" என்றார். "போன வருஷம் காய்ச்சதுலயே நல்ல காயாப் பார்த்து எடுத்து வச்சேன். கடையில வாங்கினது ஒண்ணு கூட இல்ல. சாப்பிட்டுட்டு அப்புறம் சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன்" என்றாள். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

வேலை தொடங்கிவிட்டால் கை தானாக ஓடும். நாக்குப் போனாலும் காது இருக்கிறதே. வெங்காயம் எண்ணெயில் சளசளவென்று கத்தி, பிறகு மெல்ல அடங்கும். அடங்கினால் வதங்கிவிட்டது என்று அர்த்தம். கேரட்டைக் கத்தியால் குத்தினால் அது எப்போது விட்டுக்கொடுக்கும் என்று விரலுக்குத் தெரியும். உப்பைத் தட்டைக் கரண்டியால் அளந்து போட்டாள். அடி பிடித்தால் வாசனை தெரியாதே என்ற பயத்தில் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் அடியைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாள். கேரட்டும் உருளையும் டர்னிப்பும் பெரிய பாத்திரத்தில் கொதிக்க ஆரம்பித்தன. பீட்ரூட்டை மட்டும் தனியாக வேகப் போட்டாள். இல்லாவிட்டால் மொத்தத்தையும் சாயத் தொட்டி ஆக்கிவிடும்.

பிறகு பூசணியில் கை வைத்தாள்.

பூசணி விஷயத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவள் முதன்முதலில் வேலை பார்த்த ஓட்டலில் தலைமைச் சமையல்காரர் அடிக்காத குறையாகப் பழக்கிவிட்டது. ஒவ்வொரு பூசணியை வெட்டியதும் பச்சையாக ஒரு கீற்றுச் சீவி நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காய் பார்த்தால் போதாது, ஒவ்வொன்றையும். கசந்தால் அந்தக் காய் நேராகக் குப்பைக்கு. வேக வைத்தாலும் போகாத விஷம் அது, வீட்டு விதையில் முளைத்ததென்றால் இரண்டு மடங்கு ஜாக்கிரதை என்பார். ஒரு கசப்புப் பூசணியால் ஒரு குடும்பமே ஆஸ்பத்திரியில் வரிசையாகப் படுத்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

முதல் பூசணியைப் பிளந்தாள். உள்ளே மஞ்சளும் நாரும் விதையும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. பழக்க தோஷத்தில் ஒரு கீற்றுச் சீவி நாக்கில் வைத்தாள். ஈரமாக இருந்தது. அவ்வளவுதான். மென்று பார்த்தாள். நறநறவென்றது. அதற்கு மேல் அந்தக் கீற்று அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

யாரைக் கூப்பிடுவது? தோட்டக்காரர் முன்பக்கம் சருகு கூட்டப் போய்விட்டார். அவரைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் கடிச்சுப் பாருங்க" என்றால், "ஏன், உங்களுக்கு என்ன?" என்பார். மேட்ரனிடம் கேட்கவே வேண்டாம். சாப்பாட்டுக் கூடத்துக் கதவு வரை போனாள். ஜன்னலோரம் டைப்பிஸ்ட் அம்மா கம்பளி நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஏதோ அலுவலகத்தில் தட்டச்சு அடித்தவர், அதனால் அந்தப் பெயர். கொடுத்ததைக் குறை சொல்லாமல் சாப்பிடுகிற ஒரே ஜீவன். நிமிர்ந்து பார்த்து, "என்ன கரண்டி, ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். எப்போதும் கையில் கரண்டியோடே கூடத்துக்கு வருவதால் அவளுக்கு அங்கே வைத்த பெயர் அது.

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள். திரும்பி வந்துவிட்டாள்.

அந்த இடத்தில் கேட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஒரு கீற்று, ஒரு வாய், ஒரு வார்த்தை. ஆனால் இருபத்திரண்டு நாளாக ஒரு பொய்யைக் கட்டிக் காத்தவளுக்கு, அதைக் காப்பதே பழக்கமாகிவிடுகிறது. அண்ணி பத்தரைக்கு வந்துவிடுவாள், வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு, ஐந்து பூசணியையும் தோல் சீவித் துண்டு போட்டு வைத்தாள். பாத்திரத்தில் போடாமல்தான் வைத்திருந்தாள், அது வரைக்கும் அவள் மேல் குற்றம் சொல்ல முடியாது.

பத்தரை ஆனது. அண்ணி வரவில்லை. பத்தே முக்கால். வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். பதினொன்று அடித்தது. பெரிய பாத்திரத்தில் அத்தனை பூசணியும் வேகக் குறைந்தது முக்கால் மணி நேரம் வேண்டும், பிறகு மசித்துக் கெட்டியாக்க வேண்டும். பன்னிரண்டரைக்குக் கிண்ணம் மேஜைக்குப் போகாவிட்டால் மேட்ரன் உள்ளே வந்து நிற்பார். பதினொன்று பத்துக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து பூசணியின் துண்டுகளையும் உள்ளே தள்ளிவிட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு பூசணியாவது கசந்திருக்கிறதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். இல்லைதான். ஆனால் அதெல்லாம் கடையில் வாங்கினவை. அதை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அண்ணி வந்தபோது மணி பன்னிரண்டு. ஒரு பக்க வாய் தொங்க, பஞ்சைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ரெண்டு ஊழி போட்டுட்டான்" என்றாள், ஊசியை ஊழியாக்கி வாய் குழற. "பாழி நாக்கு மரத்துப் போச்சு."

இருக்கிறது ஒரு நாக்கு, அதிலும் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா? சமையல்காரி ஒரு கரண்டி எடுத்து ஊதி அண்ணியின் உள்ளங்கையில் விட்டாள். அண்ணி பஞ்சு இல்லாத பக்கமாக அதை வாங்கி, கண்ணை மூடி, வெகு நேரம் யோசித்தாள்.

"உப்பு சரி மாதிரிதான் இருக்கு."

"கசக்குதா அண்ணி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கசக்குதா?"

"வாயெல்லாம் ஊழி மருந்துக் கசப்பு. காலையிலேர்ந்து எச்சில் கூடக் கசக்குது. இதுல எதைன்னு சொல்றது?"

மணி பன்னிரண்டே கால். கூடத்தில் நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. சமையல்காரி கதவுக்குப் பின்னால் போய், தாளில் 'ருசி பார்த்தேன்' கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டாள். பேனா ஒரு தரம் எழுதவில்லை, உதறிவிட்டுப் போட்டாள்.

சூப் பார்க்க அற்புதமாக இருந்தது. நல்ல மஞ்சள், மேலே பீட்ரூட் துண்டுகள், கரண்டியை நிறுத்தினால் நிற்கிற கெட்டி. பக்கத்தில் சூடாக ரொட்டி. அண்ணி தள்ளுவண்டியில் கொண்டுபோய் மேஜை மேஜையாக வைத்தாள். சமையல்காரி பரிமாறுகிற ஜன்னலுக்குப் பின்னால் நின்று, கரண்டிகள் வாய்க்குப் போவதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கசக்குது" என்றார் கார்டு ஐயா.

கூடம் சிரித்தது. ஏன் சிரிக்காது? ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதர் மூன்று வருஷமாகத் தினம் மத்தியானம் சொல்கிற வார்த்தை அது. பாலும் கசக்கும், ரொட்டியும் கசக்கும், தண்ணீரும் கசக்கும். ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை போடுகிற வாய். மேட்ரனே அவர் கிண்ணத்தில் மிச்சம் இருந்தால் கணக்கில் எடுப்பதில்லை. பக்கத்து மேஜையில் ஒருவர், "கசக்கலைன்னாதான் ஐயா நாங்க பயப்படணும்" என்று சொல்ல, இன்னும் சிரிப்பு.

சமையல்காரி சிரிக்கவில்லை. வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒரு மனசு. கரண்டிகள் ஏன் மெதுவாகப் போகின்றன என்று இன்னொரு மனசு. வயதானவர்கள் மெதுவாகத்தான் சாப்பிடுவார்கள். நேற்றும் இப்படித்தானா? நேற்று அவள் பார்க்கவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து, கார்டு ஐயா பக்கத்தில் குனிந்தாள்.

"ஐயா, எப்படிக் கசக்குது? மாத்திரைக் கசப்பா, வேற கசப்பா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அவருடைய புகாரை ஒருவர் நின்று விசாரிப்பது இதுதான் முதல் தடவை. கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பதில் சொல்வதற்கு முன் இன்னொரு துளியை நாக்கில் வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"மாத்திரை கசந்தா தண்ணி குடிச்சாப் போயிடும்" என்றார். "இது தொண்டையில போய் உக்காந்துக்குது. ரெண்டு டம்ளர் குடிச்சுட்டேன், போகல. நான் பொய் சொல்லல கரண்டி."

அவள் பின்வாசலுக்கு ஓடினாள். தோட்டக்காரர் படியில் உட்கார்ந்து தன் கிண்ணத்தைப் பாதி முடித்திருந்தார்.

"கசக்குதா?"

"லேசா இருக்கு" என்றார் அவர், ஏதோ பாராட்டுக்குக் காத்திருந்தவர் போல. "தோட்டத்துக் காய் அப்படித்தான் இருக்கும். உடம்புக்கு நல்லது."

"போன வருஷம் அந்தக் கொடி எங்க இருந்துச்சு?"

"கேட்டோரமா. ஏன், அந்த அழகுக்கு வைக்கிற கோடு போட்ட குட்டிக் காய் இருக்கே, அந்தக் கொடிப் பக்கத்துல. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அப்படி ஒரு பூ."

அவளுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. பார்வைக்கு வைக்கிற காயும் சாப்பிடுகிற காயும் கலந்து விதையில் இறங்கியிருக்கிறது. மனிதர் ஒரு வருஷம் பத்திரமாக எடுத்து வைத்து, மண்ணில் போட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் அவள். "துப்புங்க, அதைச் சாப்பிடாதீங்க" என்று கிண்ணத்தைத் தட்டிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

பின்வாசலிலிருந்து கூடத்துக்கு இருபது எட்டுத்தான் இருக்கும். அந்த இருபது எட்டுக்குள் அவள் மனசு எங்கெங்கோ போய் வந்தது. எல்லாரையும் நிறுத்த வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என்ன சொல்லி நிறுத்துவது? உண்மையைச் சொன்னால் அந்தத் தாள், அந்தக் கையெழுத்து, இருபத்திரண்டு நாள், அண்ணி, எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். வேறு ஏதாவது சொன்னால் எல்லாரும் பிழைத்துக்கொள்வார்கள், அவளும் பிழைத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் இது அவளுக்குப் பெரிய கெட்டிக்காரத்தனமாகப் பட்டது.

"யாரும் சாப்பிடாதீங்க" என்று கத்தினாள். "பாத்திரத்துல கண்ணாடி டம்ளர் உடைஞ்சு விழுந்துடுச்சு."

கரண்டிகள் நின்றன. அலுவலகத்திலிருந்து மேட்ரன் விடுவிடென்று வந்தார். பதறாத பெண்மணி. ஒவ்வொரு மேஜையாகப் போய், "வாயைத் திறங்க, நாக்கை நீட்டுங்க, எங்கயாவது குத்துதா?" என்று டார்ச் அடித்துப் பார்த்தார். யாருக்கும் எங்கும் குத்தவில்லை.

"ஒண்ணும் இல்லை. பயப்படாதீங்க" என்றார். "ரொட்டியை நிறையச் சாப்பிடுங்க. உள்ளே ஏதாவது போயிருந்தாலும் சுத்திக்கிட்டு வெளியே வந்துடும். மத்தியானம் எல்லாரும் படுத்துத் தூங்குங்க."

தூங்கச் சொல்கிறாரே. இன்னும் ஒரு மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரளப் போகிறவர்களைத் தூங்கச் சொல்கிறாரே. வாந்தி வந்தால் ரொட்டி என்பார், டாக்டர் கேட்டால் கண்ணாடி என்பார், அவர்களும் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சமையல்காரி கூடத்தைப் பார்த்தாள். முப்பத்தோரு தலை. அப்போதுதான் ஜன்னலோர மேஜை கண்ணில் பட்டது. அங்கே நான்கு கிண்ணமும் துடைத்து வைத்த மாதிரி காலி. டைப்பிஸ்ட் அம்மா வாயைத் துண்டால் ஒற்றிக்கொண்டு அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"கண்ணாடி இல்லைங்க" என்றாள்.

மேட்ரன் திரும்பினார். "என்ன சொன்னீங்க?"

"கண்ணாடி எதுவும் விழலை. பூசணி விஷம். கசப்புப் பூசணி. டாக்டருக்கு அப்படித்தான் சொல்லணும், கசப்புப் பூசணின்னு சொன்னா அவருக்குத் தெரியும். சீக்கிரம் போன் பண்ணுங்க."

"கசப்பா? நீங்க ருசி பாத்தீங்களே. இப்பதான் தாள்ல கையெழுத்தைப் பாத்துட்டு வரேன்."

"பாக்கலைங்க." முதல் தரம் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. "பாத்தாலும் எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு நாளா எனக்கு ருசி இல்லை, வாசனையும் இல்லை. காய்ச்சல்ல போயிடுச்சு. தினம் பொய்யாத்தான் கையெழுத்துப் போட்டேன். அண்ணிக்கு இதுல ஒண்ணும் இல்லை, எல்லாம் நான்தான்."

அண்ணி தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு பஞ்சைக் கடித்தபடி நின்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. மேட்ரன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, போனை நோக்கி நடந்தார். நடக்கும்போதே, "எவ்வளவு சாப்பிட்டாங்கன்னு ஒவ்வொருத்தர் கிண்ணத்தையும் பாத்து எழுதுங்க. சுத்தமா எழுதுங்க" என்றார். அதுதான் அவர் அவளுக்கு இட்ட கடைசி வேலை.

பெரும்பாலோர் நான்கைந்து வாய்க்கு மேல் போகவில்லை. மாத்திரை வாய் என்று எல்லாரும் கேலி செய்த கார்டு ஐயா சாப்பிட்டது மூன்றே துளி. ஒன்றேகால் மணிக்கு முதல் வாந்தி வந்தது. பிறகு வரிசையாக. வாளி, துண்டு, தண்ணீர், தரையெல்லாம் வழுக்கல். தோட்டக்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு ஆம்புலன்ஸ் வந்து நான்கு பேரைத் தூக்கிக்கொண்டு போயின. நான்கு பேரும் ஜன்னலோர மேஜைக்காரர்கள். யார் கூடப் போவது என்று டிரைவர் கேட்டபோது, சமையல்காரி யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள். ஏப்ரனைக் கூடக் கழற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டார்கள். ஒரு காலத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த, எண்பத்தாறு வயதான போட்டோக்காரரை மட்டும் உள்ளே வேறு அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, சிறுநீரகம் என்ன சொல்கிறது என்று நாளைக்குத்தான் தெரியும் என்றார் டாக்டர். கதவு திறக்கும் போதெல்லாம் அவள் எழுந்தாள். ஒவ்வொரு தரமும் யாரோ தட்டை எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.

நாலாவது ஆள் டைப்பிஸ்ட் அம்மா. கையில் குளுக்கோஸ் ஏற, சுருண்டு படுத்திருந்தார். ஐந்து மணிக்குக் கண்ணைத் திறந்தார். கட்டிலோரம் அவளைப் பார்த்ததும், "ஏப்ரன்ல என்ன கறை?" என்று கேட்டார்.

"பீட்ரூட்டும்மா." அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. "கசந்துச்சா இல்லையாம்மா உங்களுக்கு?"

"கசந்துச்சு. அப்படி ஒரு கசப்பு. வாயில வைக்க முடியல."

"அப்புறம் எதுக்கு அதை முழுசாச் சாப்பிட்டீங்க?"

"உனக்கு நாக்குப் போயிடுச்சுன்னு எனக்குத் தெரியுமே" என்றார் அம்மா. பேசுவதற்கு நடுவே மூச்சு வாங்கியது. "ரெண்டு வாரமாத் தெரியும். அன்னிக்கு ரொட்டி கருகி நாத்தம் கூடம் வரைக்கும் வந்துச்சு, நீ அடுப்புக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு பரிமாறுற ஜன்னல் வழியா என்கிட்ட நூல் கலரைப் பத்திப் பேசிட்டிருந்தே. அப்பவே புரிஞ்சு போச்சு. மிச்சம் வச்சா மேட்ரன் உன்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அதான் எங்க மேஜையில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். உப்புக் கூடட்டும், கசக்கட்டும், நம்ம கிண்ணம் காலியாத்தான் போகணும்னு. பாவம், போட்டோக்காரர் இன்னிக்கு வேணாம்னுதான் சொன்னார். நான்தான் விடல."

"அறிவு இருக்காம்மா உங்களுக்கு?" என்றாள் சமையல்காரி. பதினோரு வருஷத்தில் அவள் இல்லத்தில் ஒருவரைக் கூட அப்படிப் பேசியதில்லை. "எனக்காக விஷத்தைச் சாப்பிடச் சொல்லி நான் கேட்டேனா? உங்களை யார் இதெல்லாம் செய்யச் சொன்னது?" கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அழுகை வந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு விசும்பி அழுதாள்.

அவள் அழுது ஓய்ந்த பிறகுதான் அம்மா கேட்டார்.

"வேலை போயிடுச்சா?"

"போயிடும்மா. நானே எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்."

"நீயே சொல்லிட்டியா?"

"ம்."

அம்மா, போட்டோக்காரரை வைத்திருந்த அறையின் மூடிய கதவைப் பார்த்தார். திரும்பியபோது அவர் குரலில் கோபம் இல்லை, குறையும் இல்லை. ஏதோ புரியாத விஷயத்தைக் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

"காலையில கதவுக்கிட்ட வந்து நின்னியே, ஏதாவது வேணுமான்னு கேட்டேனே. அப்பவே சொல்லியிருக்கலாமே கரண்டி."

அம்மாவுக்கு மறுபடி குமட்டிக்கொண்டு வந்தது. அவள் ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கி, மறு கையால் வாந்திப் பாத்திரத்தைப் பிடித்தாள்.